ஜெட் மில்லில் அரைத்த மருந்துத் தூளின் ஒழுங்கின்மை: கண்ணாடியா, சிதைந்த படிகமா?

தூள்மணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இன்ஹேலருக்கான ஆஸ்துமா மருந்து சால்பியூட்டமால் சல்பேட்டின் நுண்தூளைப் பரிசோதிக்கும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். அதிவேகக் காற்றில் துகள்களை மோதவிட்டு அரைக்கும் ஜெட் மில்லிலிருந்து வந்த அன்று 1 முதல் 5 மைக்ரான் வரம்புக்குள் ஒழுங்காக இருக்கும் தூள், பீப்பாயில் சில வாரங்கள் கிடந்த பிறகு துகள் அளவில் பருத்துவிடுகிறது. சில பேட்ச்களில் கட்டிதட்டியும் போகிறது. எக்ஸ்ஆர்டி (படிக ஒழுங்கைக் காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்புவிலகல்) வரைபடத்தை அரைப்பதற்கு முந்தைய வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தால் எல்லா உச்சிகளும் அதே இடங்களில் இருக்கின்றன. அரைத்துக் கொடுத்த நிறுவனமும் "முழுவதும் படிகம்" என்றே சான்றிதழ் தருகிறது. அரைவையில் படிக ஒழுங்கு கெடுகிறது என்பதைப் பாடமாகப் படித்திருக்கிறேன். ஆனால் எக்ஸ்ஆர்டி கண்டுகொள்ளாத அளவுக்குச் சிறிய ஒழுங்கின்மை ஒரு பீப்பாய்த் தூளின் நடத்தையையே மாற்றிவிடுமா? அப்படி மாற்றுமானால் அது எத்தனை சதவீதம் என்று எப்படி எழுதுவது?

படிகவேலன் எழுதியது:

நண்பர் தூள்மணிக்கு வணக்கம். நீங்கள் சொல்வது இந்தத் துறையில் நன்கு பதிவான நிகழ்வு. இதே மருந்தைப் பற்றி, அதை ஆல்பியூட்டரால் என்று அழைக்கும் அமெரிக்காவிலிருந்து, வார்டு, ஷுல்ட்ஸ் ஆகிய இருவர் 1995-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை உண்டு. நுண்தூளாக்கும்போது உருவான ஒழுங்கற்ற பகுதி ஈரப்பதம் பட்டதும் மறுபடிகமாகிறது என்பதும், அதனால் தூளின் இயல்பு நிலைத்து நிற்பதில்லை என்பதும் அதன் சாரம்.

எக்ஸ்ஆர்டி ஏன் பேசாமல் இருக்கிறது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று போதும். 3 மைக்ரான் விட்டமுள்ள உருண்டைத் துகளின் மேற்பரப்பில் 10 நானோமீட்டர் தடிமனுக்கு மட்டும் ஒழுங்கு கெட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தோலின் கனஅளவு முழுத் துகளில் ஏறத்தாழ 2% வரும். வழக்கமான ஆய்வக எக்ஸ்ஆர்டியில் 5 முதல் 10 சதவீதத்துக்குக் கீழே உள்ள படிகமற்ற பகுதியின் பரந்த மேடு பின்னணியோடு கலந்து மறைந்துவிடும். ஆனால் பக்கத்துத் துகளைத் தொடுவதும், காற்றின் ஈரத்தைச் சந்திப்பதும், இன்ஹேலரில் லாக்டோஸ் துகளின்மேல் ஒட்டி நிற்பதும் அந்தத் தோல்தான். கனஅளவில் 2% என்பது, தொடுபரப்பைக் கணக்கெடுத்தால் ஏறத்தாழ 100% ஆகிவிடும்.

ஈரத்தின் கணக்கு இதைவிடக் கடுமையானது. ஒரு தூளில் மொத்தம் 0.5% நீர் இருக்கிறது என்றால் எவரும் கவலைப்படுவதில்லை. ஆனால் ஒழுங்கான படிகம் நீரை உள்ளே விடாது; மேற்பரப்பில் கொஞ்சம் ஒட்டவைத்துக்கொள்வதோடு சரி. நீரை உள்ளிழுப்பது ஒழுங்கற்ற பகுதியே. அந்தப் பகுதி 2.5% மட்டுமே இருந்து நீர் முழுவதும் அங்கேயே போய்ச் சேர்ந்தால், அதற்குள் நீரின் அளவு 20% ஆகிறது. ஆல்னெக்கும் சோகிராஃபியும் 1990-ல் எழுதிய கட்டுரை இந்தக் குவிப்பைத்தான் வலியுறுத்தியது. அவ்வளவு நீர் சேர்ந்த மூலக்கூறுகளுக்கு நகரும் சுதந்திரம் கிடைக்கிறது. அவை பக்கத்திலுள்ள படிகத்தின்மேல் அடுக்கிக்கொள்கின்றன. இரண்டு துகள்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் இது நடந்தால் அங்கே திடப்பாலம் உருவாகிறது. உங்கள் பீப்பாயில் நடப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆய்வுமாணவி எழுதியது:

ஐயா, ஒரு அடிப்படைச் சந்தேகம். ஒரு படிகத்தை உடைத்தால் இரண்டு சிறிய படிகங்கள்தானே கிடைக்க வேண்டும்? ஒழுங்கு எங்கே கெடுகிறது? மோதும் இடத்தில் ஒரு கணம் உருகி, உடனே குளிர்ந்து கண்ணாடியாகிவிடுகிறது, அதாவது மூலக்கூறுகள் ஒழுங்கின்றி உறைந்த படிகமற்ற திடமாகிவிடுகிறது என்று சில புத்தகங்களில் வாசித்தேன். அது சரியான விளக்கமா?

அரவைக்கூடம் எழுதியது:

மில் இயக்குபவனின் கோணத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

பெரிய படிகம் எளிதில் உடையும். விரிசல் ஓடுவதற்கு அதற்குள் போதிய மீள்ஆற்றல் சேர்ந்திருக்கும். துகள் சிறுக்கச் சிறுக்க, விரிசலை ஓடவைக்கத் தேவையான தகைவு (ஓர் அலகுப் பரப்பின் மீதான விசை) ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் பொருள் வளைந்து நெளிவதற்கான தகைவைத் தாண்டிவிடுகிறது. அந்த அளவுக்குக் கீழே நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் துகள் உடையாது, நெளியும். கெண்டால் 1978-ல் நேச்சர் இதழில் இதை நிறுவினார். அந்த எல்லை பொருளுக்குப் பொருள் மாறுபடும். நுரையீரலுக்கான மருந்தைச் சில மைக்ரானுக்குக் கொண்டுவரும்போது நாம் அந்த எல்லையை நோக்கியே ஓட்டுகிறோம். அந்த இடத்தில் காற்றழுத்தத்தைக் கூட்டினால், கூடுதல் ஆற்றலில் பெரும்பங்கு புதிய பரப்பை உருவாக்கப் பயன்படுவதில்லை. படிகத் தளங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதிலும், மூலக்கூறு வரிசை நழுவிய இடப்பெயர்வுப் பிழைகள் பெருகுவதிலும் செலவாகிறது. அதன் ஒரு பகுதி படிகத்துக்குள்ளேயே சேமிப்பாகத் தங்குகிறது. பிழைகள் ஓர் அளவைத் தாண்டி நெருங்கினால், அந்த இடத்தில் படிகம் என்று சொல்லிக்கொள்ள ஒழுங்கு எதுவும் மிஞ்சாது.

உருகி உறைகிறது என்ற விளக்கத்துக்கு எதிராக லாக்டோஸ் தரும் சாட்சியம் மிக அழகானது. லாக்டோஸ் மூலக்கூறுக்கு ஆல்ஃபா, பீட்டா என இரு வடிவங்கள் உண்டு. உருகினால் ஆல்ஃபாவின் ஒரு பகுதி பீட்டாவாக மாறிவிடும். போதாக்குறைக்கு அது சிதைந்து பழுப்பேறவும் தொடங்கும். பிரான்சின் லில் பல்கலைக்கழகத்தில் வில்லார், டெகாம்ப் முதலியோர் ஆல்ஃபா லாக்டோஸை, உருண்டைகள் மோதி அரைக்கும் கலமான பால் மில்லில் (ball mill) முழுவதும் படிகமற்றதாகும் வரை அரைத்துவிட்டு, 2004-ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். எக்ஸ்ஆர்டியில் ஓர் உச்சிகூட மிஞ்சவில்லை. ஆனால் மூலக்கூறுகள் ஏறத்தாழ முழுவதும் ஆல்ஃபாவாகவே இருந்தன. உருகும் வெப்பத்தை அவை பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. ஆகவே குறைந்தபட்சம் லாக்டோஸைப் பொறுத்தவரை, ஒழுங்கைக் கெடுத்தது வெப்பமல்ல, நேரடியான இயந்திர விசையே.

இது மருந்துக்கு மட்டும் உரியதும் அல்ல. கோதுமை மாவை அதிகம் அரைத்தால் ஸ்டார்ச் மணிகள் சேதமடைந்து கூடுதல் தண்ணீர் இழுக்கும் என்பது மாவு ஆலைக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி.

வெப்பவரைவு எழுதியது:

அரவைக்கூடம் சொன்னதோடு ஒரு விதியைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் எந்தப் பொருள் எப்படிக் கெடும் என்பதை முன்கூட்டிச் சொல்ல நம்மிடம் உள்ள சிறந்த கைகாட்டி அதுவே. ஆய்வகத்தில் நாம் டிஜி என்று சொல்லும் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையை (இறுகிய கண்ணாடி இளகி மூலக்கூறுகள் நகரத் தொடங்கும் வெப்பநிலை), அரைக்கும் வெப்பநிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டிஜிக்கு நன்கு கீழே அரைத்தால் பொருள் படிகமற்றதாகும். டிஜிக்கு மேலே அரைத்தால் ஒழுங்கு கெட்ட பகுதி உடனுக்குடன் மறுபடிகமாகி, பெரும்பாலும் வேறொரு படிக வடிவமாக எழும்.

நீரற்ற டிரெஹலோஸ் என்ற சர்க்கரையின் டிஜி ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ். அறை வெப்பநிலையில் அரைத்தால் அது கண்ணாடியாகிறது. மேனிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலின் டிஜி சுமார் 13 டிகிரி. அதன் பீட்டா படிக வடிவத்தை அறை வெப்பநிலையில் அரைத்தால் ஆல்ஃபா வடிவம் கிடைக்கிறது. சார்பிட்டாலின் டிஜி பூஜ்யத்தை ஒட்டியது. அதன் காமா வடிவமும் ஆல்ஃபாவாக மாறுகிறது. இவற்றில் எனக்குப் பிடித்தது ஃபனான்செரின், ஏனென்றால் அதன் டிஜி சுமார் 19 டிகிரி என்பதால் ஒரே மருந்தில் இரண்டு விளைவுகளையும் பார்க்கலாம்: அறை வெப்பநிலையில் அரைத்தால் மற்றொரு படிக வடிவம், பூஜ்ய டிகிரியில் அரைத்தால் கண்ணாடி.

மில்லைக் குளிர்வித்தால் படிகம் பாதுகாப்பாக இருக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மறுபடிகமாதலைத் தடுப்பதன் மூலம், குளிர்விப்பு ஒழுங்கின்மையைப் பெருக்கவே செய்கிறது. திரவ நைட்ரஜனில் அரைப்பதைப் பலர் மென்மையான முறை என்று விவரிக்கிறார்கள். அந்த அடைமொழி எனக்குச் சற்றும் ஏற்புடையதல்ல.

ஆய்வுமாணவி எழுதியது:

அப்படியானால் இண்டோமெதசின் என்ற வலிநிவாரணி மருந்து? அதன் டிஜி 42 டிகிரி. 4 டிகிரியில் அரைத்தால் படிகமற்றதாகிறது என்பது விதிக்குப் பொருந்துகிறது. ஆனால் ஓட்சுகா குழுவினரின் 1986 கட்டுரைப்படி, 30 டிகிரியில் காமா வடிவத்தை அரைத்தபோது ஆல்ஃபா வடிவம் கிடைத்திருக்கிறது. 30 என்பது டிஜிக்குக் கீழேதானே?

வெப்பவரைவு எழுதியது:

நல்ல கேள்வி. நான் "நன்கு கீழே" என்று எழுதியதன் காரணம் இதுவே. டிஜி என்பது ஒரு கத்திமுனை அல்ல. அதற்குச் சில பத்து டிகிரி கீழேயும் இண்டோமெதசின் கண்ணாடி மெல்ல மறுபடிகமாகிறது. மேற்பரப்பு மூலக்கூறுகள் உட்புறத்தில் உள்ளவற்றைவிட வேகமாக நகரக்கூடியவை, அரைத்த தூளிலோ மேற்பரப்பு மிக அதிகம். கலத்தின் வெளிச்சுவரில் 30 டிகிரி என்றால் உருண்டைகள் மோதும் இடத்திலும் 30 என்று கொள்ள முடியாது. ஒருபுறம் ஆலை ஒழுங்கைக் கெடுக்கிறது, மறுபுறம் மூலக்கூறு இயக்கம் ஒழுங்கை மீட்கிறது. எந்த வேகம் முந்துகிறதோ அதன் விளைவையே நாம் பாத்திரத்தில் பார்க்கிறோம். டிஜி அந்தப் போட்டியைத் தோராயமாகக் காட்டும் ஒரு எண்.

படிகவேலன் எழுதியது:

இதுவரை சொன்னவற்றோடு எனக்குப் பெரிய முரண்பாடு இல்லை. ஆனால் அரைத்த தூளைப் படிகமும் கண்ணாடியும் கலந்த இருநிலைக் கலவையாக மட்டுமே இந்த இழை பார்க்கிறது. அதில் நான் மாறுபடுகிறேன். ஒழுங்கான படிகத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே, பிழைகள் நிறைந்த, ஆனால் நெடுந்தூர ஒழுங்கை இன்னும் இழக்காத ஒரு நிலை இருக்க முடியாதா? ஹூட்டன்ராவுஹும் அவருடைய சகாக்களும் 1985-ல் "இயந்திரக் கிளர்வு" பற்றி எழுதியபோதே, படிகத்தை முற்றாகச் சிதைக்காமலும் அதன் ஆற்றலை உயர்த்த முடியும் என்ற பார்வை இருந்தது.

இதற்குப் பூஞ்சைக்கொல்லி மருந்தான கிரிசியோஃபுல்வின் நல்ல உதாரணம். உருக்கிச் சட்டெனக் குளிர்வித்துத் தயாரித்த கண்ணாடியின் டிஜி 90 டிகிரியை ஒட்டி வருகிறது. உறைநிலையில் அரைத்த தூளோ, சூடாக்கும்போது மாதிரி வாங்கும், உமிழும் வெப்பத்தை அளக்கும் டிஎஸ்சியில் அப்படித் தெளிவான டிஜியைக் காட்டுவதில்லை. அதற்கும் கீழான வெப்பநிலையிலேயே வெப்பத்தை உமிழ்ந்து படிகமாகத் தொடங்கிவிடுகிறது. பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெங், பினால், கார்வஹால் ஆகியோர் 2008-ல் இந்த வேறுபாடுகளை ஆதாரமாக வைத்து, அரைத்த தூளைக் கண்ணாடி என்று சொல்லக்கூடாது, அது பிழைகள் செறிந்த படிகம் என்று வாதிட்டார்கள். அந்த வாதத்தில் இன்னும் வலு இருக்கிறது என்பது என் கருத்து. தூள்மணியின் வினாவுக்கும் இது நேரடியாகப் பொருந்துகிறது. கெட்டது இரண்டு சதவீதக் கண்ணாடியா, முழுத் துகளிலும் பரவிய லேசான சேதமா என்பதைத் தீர்மானிக்காமல் சதவீதம் எழுதினால், அந்த எண் எதை அளக்கிறது?

வெப்பவரைவு எழுதியது:

கிரிசியோஃபுல்வினின் கதை 2008-ல் முடிந்துவிடவில்லை. அதே பர்டூவிலிருந்து டிராசி முதலியோர் 2010-ல் வேறு விளக்கம் தந்தார்கள். உருக்கித் தயாரித்த கண்ணாடியையும் அரைத்துப் பார்த்தபோது, அதுவும் அதே தாழ்ந்த வெப்பநிலை உமிழ்வைக் காட்டியது. அந்த உமிழ்வை அவர்கள் மேற்பரப்பில் தொடங்கும் படிகமாதலோடு தொடர்புபடுத்தினார்கள். கண்ணாடி என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பொருளே அரைத்தபின் அப்படி நடந்துகொள்கிறது என்றால், தாழ்ந்த உமிழ்வைப் பிழைப்படிகத்தின் அடையாளமாகக் கொள்ள முடியாது. பின்னர் 2012-ல் லில் குழுவினர், அரைத்த கிரிசியோஃபுல்வினில் டிஜி தெரியாமல் போவதற்குக் காரணம் அது இல்லாமை அல்ல, மறுபடிகமாதலின் உமிழ்வு அதை மூடிவிடுவதே என்று காட்டினார்கள். சாதாரண டிஎஸ்சியில் மேல்விழுந்து மறையும் இரண்டு நிகழ்வுகளை, வெப்பநிலையை அலைவுறச் செய்யும் வகை டிஎஸ்சி பிரித்துக் காட்ட உதவுகிறது.

நீண்ட நேரம் அரைத்த பொருளைப் பொறுத்தவரை கண்ணாடி என்ற முடிவு வலுவானது என்றே கருதுகிறேன்.

படிகவேலன் எழுதியது:

நீண்ட நேரம் பால் மில்லில் அரைத்த பொருளுக்கு, சரி. ஆனால் ஜெட் மில்லில் ஒரு துகள் கழிப்பது மிகச் சொற்பமான நேரம். அங்கே கண்ணாடி உருவாகும் கட்டத்தை எல்லாப் பகுதிகளும் எட்டியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. அரைத்த தூளின் எக்ஸ்ஆர்டி உச்சிகள் அகலமாவதை இங்கு யாரும் இன்னும் குறிப்பிடவில்லை. அந்த அகலத்தில் ஒரு பங்கு படிகக்கூறுகள் சிறுத்ததால் வருவது, மற்றொரு பங்கு அணிக்கோவையின் (மூலக்கூறுகளின் ஒழுங்கான அடுக்கின்) உள்திரிபால் வருவது. கோணத்துக்கு ஏற்ப அகலம் மாறும் விதத்தைக் கொண்டு, வில்லியம்சன்–ஹால் முறையில் இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். உள்திரிபு இருக்கிறது என்றால், "நல்ல படிகம்" என்று நாம் கணக்கில் எழுதும் பகுதியும் முழு ஆரோக்கியத்தோடு இல்லை என்றே பொருள். தூள்மணி அவர்கள் உச்சிகளின் இடத்தைத்தான் ஒப்பிட்டிருக்கிறார். அகலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தூள்மணி எழுதியது:

இத்தனை விரிவான பதில்களுக்கு நன்றி. அகலத்தை நான் பார்க்கவில்லை, கட்டாயம் பார்க்கிறேன். ஆனால் எங்கள் மேலாளர் ஒரு எண் கேட்கிறார். ஈரம் ஏறும்போது எடை மாற்றத்தை அளக்கும் நீராவி உறிஞ்சல் கருவியும், மிகச் சிறு வெப்பத்தையும் அளக்கும் சமவெப்பநிலை நுண்கலோரிமானியும் வெளி ஆய்வகம் ஒன்றில் கிடைக்கும். இவற்றால் 1 சதவீதத்தைப் பிடிக்க முடியுமா? அதைவிட முக்கியமாக, பருத்துப்போவதைத் தடுக்க மில்லிலேயே ஏதாவது செய்ய இயலுமா?

அரவைக்கூடம் எழுதியது:

முதலில் எண்ணைப் பற்றி. இரண்டு கருவிகளும் 1% அளவையும், சாதகமான பொருள்களில் அதற்குக் கீழேயும் பிடிக்கக்கூடியவை. ஈரத்தைப் படிப்படியாக ஏற்றும்போது ஒழுங்கற்ற பகுதி நீரை இழுத்து எடை கூடும். மறுபடிகமான கணத்தில் அந்த நீரை வெளியே தள்ளும், எடை சரியும். லாக்டோஸில் இந்தச் சரிவு அறை வெப்பநிலையில் 50 சதவீத ஒப்பு ஈரப்பதத்தை ஒட்டித் தெளிவாகத் தெரியும். நுண்கலோரிமானியில் மக்னீசியம் நைட்ரேட்டின் நிறைசெறிவுக் கரைசல் உள்ள சிறு குழாயைத் தூளோடு வைத்தால் சுமார் 53% ஈரப்பதம் கிடைக்கும். சோடியம் குளோரைடு வைத்தால் 75%. சில மணி நேர மௌனத்துக்குப் பிறகு மறுபடிகமாதலின் வெப்பம் கூர்மையான உச்சியாக வரும்.

சிக்கல் அளவுத்திருத்தத்தில் இருக்கிறது. வழக்கமாக, தெளித்து உலர்த்திய 100% படிகமற்ற தூளை நல்ல படிகத் தூளோடு தெரிந்த விகிதங்களில் கலந்து ஒரு நேர்கோடு வரைகிறார்கள். அந்தக் கலவையில் படிகமற்ற துகள்கள் தனித்தனியாகக் கிடக்கின்றன. அரைத்த தூளிலோ ஒழுங்கற்ற தோல் படிகத்தின்மேலேயே ஒட்டியிருக்கிறது, வித்துப் படிகம் அதற்குள் தயாராக இருக்கிறது, எனவே அது விரைவாகவும் குறைந்த ஈரத்திலும் மறுபடிகமாகலாம். சில சமயம் தூளை எடை போட்டுக் கருவியில் வைப்பதற்குள்ளேயே ஒரு பகுதி மீண்டுவிடும். படிகவேலன் சொல்லும் உள்திரிபு வெளியிடும் ஆற்றலும் அதே வெப்பக்கணக்கில் விழும். ஆகவே உங்கள் மேலாளருக்கு "1.8% படிகமற்ற பகுதி" என்று எழுதிக் கொடுக்காதீர்கள், "இந்த அளவுத்திருத்தப்படி, அரைத்து இத்தனை மணி நேரத்தில் அளந்தபோது, 1.8 சதவீதத்துக்குச் சமமான வெப்பம்" என்று எழுதுங்கள். நீளமான வாக்கியம்தான், ஆனால் அடுத்த பேட்சோடு ஒப்பிட அது ஒன்றே பயன்படும்.

மில்லைப் பற்றி. ஊட்டும் வேகத்தைக் குறைத்தால் ஒவ்வொரு துகளுக்கும் கிடைக்கும் ஆற்றல் கூடும். துகள் இன்னும் நுண்மையாகும், சேதமும் கூடும். துகள் அளவின் வரம்பு இடம் கொடுக்கிறதென்றால் அழுத்தத்தை இறக்கி, வரம்பின் மேல்பகுதியில் நிற்பது நல்லது. உலர்ந்த காற்றுக்குப் பதில் ஈரப்பதம் கட்டுப்படுத்திய வாயுவில் அரைத்து, கெடும் பகுதியை அங்கேயே மீட்கும் முறைகளும் உண்டு. பரவலாகச் செய்யப்படுவது அரைத்தபின் பதப்படுத்துதல்: குறிப்பிட்ட வெப்பநிலையிலும் ஈரப்பதத்திலும், அல்லது எத்தனால் போன்ற கரைப்பானின் ஆவியிலும், தூளைச் சில காலம் வைத்து, ஒழுங்கற்ற பகுதி நம் கண்காணிப்பிலேயே மறுபடிகமாக விடுவது. தூளைத் தடிமனாகக் குவித்து வைத்துவிட்டுப் பதப்படுத்தினால் பீப்பாயில் நடக்கும் கட்டிதட்டல் தட்டிலேயே நடக்கும். மெல்லிய அடுக்காகப் பரப்ப வேண்டும், ஈரத்தை மெதுவாக ஏற்ற வேண்டும். பதப்படுத்திய பிறகு துகள் அளவை மறுபடி அளந்து, அந்த எண்ணையே பேட்சின் அளவாகப் பதிவு செய்வது முறை. அரைத்த உடனே எடுத்த எண் நிலையற்ற ஒரு பொருளின் எண்.

ஆய்வுமாணவி எழுதியது:

ஒழுங்கின்மையை முழுக்கக் கெடுதலாகவே பேசுகிறோமே? கரைதிறன் குறைந்த மருந்துகளுக்கு இது பயன் தரும் அல்லவா? கிரிசியோஃபுல்வினை நுண்தூளாக்கியதும் பாதி அளவு மாத்திரையே போதும் என்று 1960-களிலேயே கண்டார்களே.

படிகவேலன் எழுதியது:

அந்தப் பயனைப் பெரும்பாலும் பரப்பு கூடியதோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். நுண்தூளாக்கலின் வழக்கமான ஆதாயம் அது. ஒழுங்கற்ற பகுதி வேகமாகக் கரையும் என்பது உண்மை. ஆனால் மறுபடிகமாகிவிடாமல் அதைக் காக்க ஒரு பாலிமரும், கவனமான வடிவமைப்பும் வேண்டும். அது தற்செயலாக, பேட்சுக்குப் பேட்ச் வேறுபட்டு வரும்போது மருந்தின் கரைவேகம் மட்டுமல்ல, வேதி நிலைப்பும் ஆட்டம் காணும். பெனிசிலின் போன்ற பீட்டா லாக்டம் நுண்ணுயிர்க்கொல்லிகளில் படிகத்தன்மை குறைந்தால் சிதைவு விரைவாகிறது என்பதால், 1970-களிலேயே பிகாலும் அவருடைய சகாக்களும் கரைசல் கலோரிமானியால் படிகத்தன்மையை அளந்தார்கள். வேண்டுமென்று உருவாக்குவதும் தானாக வந்து சேர்வதும் தனித்தனி விவாதங்கள். முதலாவதற்கு வேறு இழை தொடங்கினால் நானும் வருகிறேன்.

தூள்மணி எழுதியது:

ஆவன செய்யத் தொடங்கிவிட்டேன். அரைத்த நாளிலேயே மாதிரியை உலர்ந்த புட்டியில் அடைத்து, அரைத்த நேரத்தையும் எழுதி அனுப்பும்படி அரைத்துத் தரும் நிறுவனத்திடம் கேட்டிருக்கிறோம். பதப்படுத்துவதற்கு முன்னும் பின்னும் எக்ஸ்ஆர்டி உச்சி அகலம், நுண்கலோரிமானி வெப்பம், துகள் அளவு ஆகிய மூன்றையும் ஒரே பேட்சில் அளக்கத் திட்டம். பதப்படுத்தியபின் வெப்ப உச்சி மறைந்தும் உச்சி அகலம் குறையாமல் இருந்தால், படிகவேலன் அவர்களின் பக்கம் கொஞ்சம் கனக்கும். இரண்டும் சேர்ந்தே குறைந்தால் என்ன முடிவுக்கு வருவது?

வெப்பவரைவு எழுதியது:

இரண்டும் சேர்ந்து குறைந்தால் அதை எந்தப் பக்கத்துக்கும் சான்றாகக் கொள்ள வேண்டாம். தோல் மறுபடிகமாகும்போது உட்புறத்தின் உள்திரிபும் ஈரத்தால் தளர்ந்திருக்கலாம். பிரித்துப் பார்க்க விரும்பினால், ஈரம் படாமல் உலர்ந்த நைட்ரஜனில் மெதுவாகச் சூடாக்கிய இன்னொரு மாதிரியையும் வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெப்பநிலையைத் தேர்வு செய்யும்போது மருந்தின் டிஜியை உலர் நிலையில் அளந்த எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஈரத்தோடு அளந்தது உங்களைத் தவறான இடத்தில் நிறுத்திவிடும்.